பி.ரி. பாடத்தை எடுத்துவிட்டார்களாம், கைதட்டுங்கள்

பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் நடந்தது இதற்குள் உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை தரம் 4, 5 பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பாடம் இல்லை, அந்த நேரத்தில் மாதிரி வினாத்தாளாம். உடனே கும்பிடும் கை, கைதட்டும் கை, 'மிக்க நன்றி சேர்'. "ஏன்?" என்று கேட்டது நான் மட்டும்தான். கிடைத்த பதில்: "உங்கட மகள் ஒலிம்பிக் போகப் போறாவோ?"

இல்லை ஐயா. படியில் விழாமல் இறங்கினால் போதும்.

விளையாட்டுப் பாடமும் பாடம்தான். ஓடுவது, பாய்வது, எறிவது, பிடிப்பது எல்லாம் வயது ஏறத் தானாக வந்துவிடாது. எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல, சொல்லிக்கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். உடல்சார் எழுத்தறிவு என்பது இதுதான். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும் அதில் சேர்த்திதான்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தரம் 5 படிக்கும் பையன் ஒருவன், கணக்கில் புலி. போன கிழமை கார் நிறுத்துமிடத்தில் மகள் அவனுக்கு டென்னிஸ் பந்தை மெதுவாகத்தான் எறிந்தாள். கண்ணை இறுக்க மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். பந்து நெஞ்சில் பட்டு விழுந்த பிறகே கைகள் சேர்ந்தன. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "எனக்கு ரியூசன் இருக்கு" என்று போய்விட்டான். அன்றைக்கு ரியூசன் இல்லை. ரீச்சர் ஊருக்குப் போயிருந்தார். இனி அவன் பந்துப் பக்கம் வருவானா?

'கொழும்பில் இடமெங்கே?' என்பீர்கள். நான் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடியவன். திரீவீல் வந்தால் விக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவோம், போனதும் திரும்ப வைப்போம். கயிறடிக்க ஒரு தாழ்வாரம் போதாதா? 'வெயில்' என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அதே வெயிலில்தான் பிள்ளை ரியூசனுக்குப் போகிறது.

வசதியில்லாத பிள்ளைக்கு நல்ல பாடசாலை கிடைக்கப் புலமைப்பரிசில்தான் வழி என்பது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைதட்டியவர்களில் பாதிப் பேர் பிள்ளையை ஏசி காரில் கொண்டுவந்து இறக்குபவர்கள். அவர்களுக்குப் பின்னேரம் நீச்சல் வகுப்பு இருக்கிறது. பி.ரி. பாடத்தை எடுத்தால் ஓட இடமில்லாமல் போவது நீங்கள் வாதத்துக்கு இழுத்து வரும் அந்த ஏழைப் பிள்ளைக்குத்தான்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் அதைக்கூடக் கேட்கவில்லை. நேரசூசியில் ஏற்கெனவே இருந்த பாடத்தைத்தான் கேட்டேன்.

2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டுச் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓடிப் பதக்கம் வென்றபோது டிவி முன்னால் துள்ளிய தலைமுறைதானே நாங்கள்? இப்போது "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்" என்று ஒருவர் எழுத, அதற்கு இதயம் போட்டவர் யாரென்று பார்த்தேன். எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிடாதவர். சரி, இருக்கட்டும்.

குழுவை விட்டுப் போகச் சொல்கிறார்கள். போக மாட்டேன். அதிபரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். கூட வர விருப்பமுள்ள பெற்றோர் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.