அந்த ஐ++ கேள்வி

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்த முதல் பருவ ப்ரோகிராமிங் வினாத்தாளை நானும் பார்த்தேன். 'ஐ = ஐ++ + ++ஐ; விடை என்ன?' ஐ என்பது ஓர் எண்ணை வைத்திருக்கும் வேரியபிள், ++ அதில் ஒன்றைக் கூட்டும். சி என்ற ப்ரோகிராமிங் மொழியில் இதற்கு விடையே கிடையாது. ஒரே வேரியபிளை ஒரே வரியில் இப்படி மாற்றினால் என்ன ஆகும் என்று மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. விடை கம்பைலருக்குக் கம்பைலர் (நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) மாறும். விடையில்லாத கேள்விக்கு மதிப்பெண் போன பிள்ளை, தனக்கு இந்தப் படிப்பு வராது என்று நினைத்துக்கொள்ளும். வயிறு எரிகிறது.

'கடினமாகக் கேட்டால்தானே தரம் தெரியும்' என்பீர்கள். கேளுங்கள், ஆனால் அடிப்படையைக் கேளுங்கள். ஏ = 3; பி = 8; ஏ = பி; பி = ஏ. கடைசியில் ஏ, பி எவ்வளவு? 8, 8 என்றால் அசைன்மென்ட், அதாவது வலப்பக்க மதிப்பை இடப்பக்க வேரியபிளில் போடுவது, புரிந்திருக்கிறது. 8, 3 என்றால் இரண்டு வரியும் ஒரே நேரத்தில் நடப்பதாக எண்ணுகிறார். 3, 3 என்றால் சமக்குறியை இடமிருந்து வலமாகப் படிக்கிறார். தப்பான விடையும் நாளைக்கு வகுப்பில் எதைத் திருத்தவேண்டும் என்று சொல்லிவிடுகிறது. ஐ++ கேள்வியில் தப்பு செய்தவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை.

'எது அடிப்படை என்று யார் முடிவு செய்வது?' நியாயமான கேள்விதான். அதற்கு வழி இருக்கிறது. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டெல்ஃபி முறையில் செய்தார்கள்: அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடக் கருத்துக்கும் முக்கியத்துவம், கடினம் இரண்டுக்கும் தனித்தனியாக 1 முதல் 10 வரை மதிப்பிடுவார்கள், மற்றவர்களின் மதிப்பீட்டைப் பார்த்து, காரணம் எழுதி, மறுபடி மதிப்பிடுவார்கள். எந்த மதிப்பீடு யாருடையது என்று தெரியாததால் மூத்தவர் சொன்னதற்காக யாரும் தலையாட்டவேண்டியதில்லை. ஸ்கோப் (ஒரு வேரியபிள் எதுவரை செல்லும்), பாராமீட்டர் (ஃபங்ஷன் என்ற ப்ரோகிராம் பகுதிக்குக் கொடுக்கும் மதிப்பு), ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது), ரெஃபரன்ஸ் (மதிப்பு இருக்கும் இடத்தைச் சுட்டுவது) எல்லாம் அப்படித்தான் மேலே வந்தன. ஐ++ புதிர் அல்ல.

'ப்ரோகிராம் எழுதவைத்தாலே போதுமே' என்பவர்களுக்கு: 2001-இல் ஓர் ஆய்வுக்குழு பல நாட்டு மாணவர்களை எழுதவைத்துப் பார்த்தது, பலருக்கு வரவில்லை. 2004-இல் இன்னொரு குழு சின்னச் சின்ன ப்ரோகிராம்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னது. அதிலேயே நிறையப் பேர் தடுமாறினார்கள். லூப் (திரும்பத் திரும்ப நடக்கும் வரிகள்) எத்தனை முறை சுற்றும் என்று தாளில் போட்டுப் பார்க்கத் தெரியாதவரிடம் வெற்றுப் பக்கத்தை நீட்டினால் என்ன எழுதுவார்?

புதுமுகப் பிள்ளைகளை மடக்குவதில் என்ன பெருமை? அந்த மதிப்பெண்ணை எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.