ரசிகரின் சட்டைப்பையும் ஒரே ஒரு பந்தயமும்

2014 நவம்பரில் கேட்டர்ஹாம் ஃபார்முலா 1 அணி இணையத்தில் ரசிகர்களிடம் நிதி கேட்டபோது, நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து, அட்டை எண்ணை இடும் கட்டம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன். அன்று ஏன் தயங்கினேன் என்பதற்குத் தெளிவான காரணம் என்னிடம் இல்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து யோசிக்கையில், அந்தத் தயக்கம் சரிதான் என்றே தோன்றுகிறது.

அணி திவால் நிர்வாகிகளின் கைக்குப் போய், அமெரிக்க, பிரேசில் பந்தயங்களைத் தவறவிட்டிருந்த நேரம் அது. ஆண்டின் கடைசிப் பந்தயமான அபுதாபிக்காவது போய்விட வேண்டும் என்பதற்காக, கிரவுட்கியூப் தளத்தின் வழியாக 23.5 லட்சம் பவுண்டு கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கொடுத்ததில் தொகை சேர்ந்தது, அணியும் போனது. நவம்பர் 23 அன்று கமுய் கோபயாஷி பந்தயத்தை முடிக்காமல் விலக, முதன்முறையாக ஃபார்முலா 1 ஓட்டிய வில் ஸ்டீவன்ஸ் 17-ஆவதாக வந்து சேர்ந்தார். அதன்பின் கேட்டர்ஹாம் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. அடுத்த ஆண்டு அதன் உடைமைகள் ஏலத்துக்கு வந்தன.

இதில் கோபயாஷியின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 2012-இல் சொந்த நாட்டு சுசூகாவில் மூன்றாவதாக வந்து மேடையேறிய அவருக்கு, அந்த ஆண்டு முடிவில் சாபர் அணியில் இடமில்லாமல் போயிற்று. அவர் ரசிகர்களிடம் நேரடியாகக் கேட்டு, பத்துக் கோடி யென்னுக்கும் மேல் திரட்டினார். 2013-இல் அந்தப் பணத்தாலும் இடம் கிடைக்கவில்லை. 2014-இல் கேட்டர்ஹாமுக்கு வந்தார். ரசிகர் பணத்தின் துணையோடு உள்ளே வந்த ஓட்டுநர், ரசிகர் பணத்தில் ஓடிய காரில், அந்த அணியின் கடைசிப் பந்தயத்தை ஓட்டியிருக்கிறார். மூன்றாமிடம் பிடித்த கைக்கே இந்த நிலைமை என்றால், கோளாறு திறமையில் இல்லை.

அப்போது ஃபார்முலா 1-ஐ நடத்திவந்த பெர்னி எக்லெஸ்டோன் இந்த நிதி திரட்டலை வெளிப்படையாகவே பழித்தார். கையேந்துவது விளையாட்டுக்கு இழுக்கு என்பது அவர் கட்சி. எனக்கு அதில்தான் கோபம். பந்தய நுழைவுச்சீட்டு வாங்கியவரும் தொலைக்காட்சிக்குச் சந்தா கட்டியவரும் ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள்தாமே? பந்தயக் களங்கள் செலுத்தும் கட்டணமாகவும் ஒளிபரப்பு உரிமைத் தொகையாகவும் மேலே போகும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி வணிக உரிமையாளருக்கும், மிச்சம் அணிகளுக்கும் பிரிகிறது. அணிகளுக்குள் பிரித்த விதத்தில்தான் அநியாயம் இருந்தது. ஃபெராரி போன்ற சில பெரிய அணிகளுக்கு, அந்த ஆண்டு எந்த இடத்தில் முடித்தாலும், தனிப் பேச்சுவார்த்தையில் பெற்ற சிறப்புத் தொகைகள் உண்டு. பரிசுப் பணத்தின் பெரும்பங்கு முதல் பத்து அணிகளுக்கே என்பதால், கடைசி வரிசைக்கோ அணிகள் பட்டியலில் பத்தாமிடமா பதினொன்றாமிடமா என்பதே வாழ்வா சாவா என்ற கேள்வி. 2012-இல் கடைசிப் பந்தயமான பிரேசிலில் தன் ஓட்டுநர் பெட்ரோவ் 11-ஆவதாக வந்ததால் கேட்டர்ஹாம் பத்தாமிடத்தை மீட்டுக்கொண்டது; மறு ஆண்டு இன்னொரு பின்வரிசை அணியான மாருசியாவின் பியான்கி மலேசியாவில் 13-ஆவதாக வந்ததால் அதை இழந்தது. இரண்டு அணிகளும் அந்த ஆண்டுகளில் ஒரு புள்ளிகூடப் பெறாதவை, அதனால் சிறந்த முடிவை வைத்தே வரிசை அமைந்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பிரிப்பு முறை நியாயமற்றது என்று ஃபோர்ஸ் இந்தியாவும் சாபரும் 2015-இல் ஐரோப்பிய ஆணையம் வரை போனதை நினைத்தால், பின்வரிசையின் புலம்பல் மட்டுமல்ல இது என்று புரியும்.

தொடக்கமே கோணல். 2010 பருவத்துக்குப் புதிய அணிகளை அழைத்தபோது, 4 கோடி பவுண்டு செலவு வரம்பு வரும் என்ற பேச்சு இருந்தது. பெரிய அணிகள் எதிர்த்ததால் வரம்பு வரவில்லை. அணிகள் மட்டும் வந்துவிட்டன. அப்படி வந்தவற்றில் எச்ஆர்டி அணி 2012 முடிவில் மூடியது, கேட்டர்ஹாம் 2014-இல், மாருசியாவிலிருந்து மேனர் ஆன அணி 2017 ஜனவரியில். வரம்பு வந்து சேர்ந்தது 2021-இல், 14.5 கோடி டாலராக. பந்தலைப் பிரித்த பிறகு விருந்து பரிமாறிய கதை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஏழை அணிகள் தூரத்துச் செய்தி அல்ல. சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் எச்ஆர்டி காரை முதன்முதலாக ஓட்டியது பஹ்ரைன் தகுதிச்சுற்றில்தான். அதற்குமுன் ஒரு சுற்றுகூட ஓட்டிப்பார்க்க வழியில்லை. 2011 ஜெர்மன் பந்தயத்தில் அவருக்கு இருக்கை கொடுத்த அணிதான் மறு ஆண்டு கேட்டர்ஹாம் என்று பெயர் மாறியது. கோவையின் நரேன் கார்த்திகேயன் எச்ஆர்டியில் இருந்தபோது, 2011, 2012 இரண்டு ஆண்டும் மெல்போர்னில், தகுதிச்சுற்றின் வேகமான நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் ஓட்ட வேண்டும் என்ற விதியால், பந்தயத்தைத் தொடங்கவே முடியவில்லை. அந்தக் காரை வைத்துக்கொண்டு அவர்களைக் கேலி செய்தவர்களில், வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் ஒருவன்.

கொடுத்தவர்கள் பெற்றது என்ன என்பதுதான் என் முக்கியமான கேள்வி. நினைவுப்பொருள்கள் கிடைத்தன, பங்கு கிடைக்கவில்லை. அந்த ஒரு பந்தயம் திவால் நிர்வாகிக்கு ஒரு காட்சிப்பெட்டி: ஓடும் அணி என்று காட்டினால் வாங்க ஆள் வரக்கூடும். அது அவர் கடமை. அதில் தவறு காண மாட்டேன். ஆனால் வாங்க யாரும் வரவில்லை என்றபோது, சரக்கைத் துடைத்து வைத்த கூலியை ரசிகர்கள் கொடுத்ததாக ஆகிவிட்டது. இருநூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்ததையும் அது தடுக்கவில்லை.

கார்ட்டிங்கில் ஓடும் ஒரு பெண் அடுத்த பந்தயத்துக்கு டயர் வாங்கப் பணம் கேட்டால், இன்றும் யோசிக்காமல் அனுப்புவேன். பணம் எதற்குப் போயிற்று என்பதை அந்த டயரே காட்டிவிடும். ஒரு ஃபார்முலா 1 அணி கேட்டால், பங்கு எவ்வளவு என்றும், கடன் கணக்கைக் காட்ட முடியுமா என்றும் முதலில் கேட்டு எழுதுவேன்.