மோசேக்கு ஏன் தேர் இல்லை?

நம் மலேசியாவில் ஜூலை வந்தால் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்கு பஸ் கிளம்பிவிடும். 26ஆம் தேதி அன்னம்மாள் திருநாள். இந்துக்களும் சீனர்களும் மெழுகுவத்தியோடு வந்து நிற்பார்கள். ஆனால் மரியாளின் தாயான இந்த அன்னம்மாளைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் பெயரே 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, விவிலியத்தில் சேராத ஒரு நூலிலிருந்து வந்தது. விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் 40 அதிகாரத்துக்கும் நாயகரான மோசேக்கோ கொடியேற்றம் இல்லை, தேர் இல்லை.

அதனால் மோசே புனிதர் இல்லை என்று சிலர் அடித்துப் பேசுகிறார்கள். தப்பு. பழைய ஏற்பாட்டின் குலமுதல்வர்களும் இறைவாக்கினர்களும் புனிதர்களாகவே போற்றப்படுகிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி நூலின் 61ஆம் எண்ணே சொல்கிறது. ‘பட்டம் கொடுக்கலையே’ என்பார்கள். பேதுருவுக்கு யார் கொடுத்தது? திருத்தந்தை ஒருவர் புனிதர் பட்டம் அளித்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் பதிவே 993இல்தான்.

என்னைக் கேட்டால் விஷயம் கல்லறையில் இருக்கிறது. ரோமையில் புனிதர் வணக்கம் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளின் கல்லறையைச் சுற்றி வளர்ந்தது. செத்த நாள் தெரியும், அருளிக்கம் (புனிதரின் உடல் எச்சம்) இருக்கும், ஆண்டுதோறும் அங்கேயே பூசை. மோசேயின் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது என விவிலியத்தின் இணைச்சட்ட நூல் 34ஆம் அதிகாரம் சொல்கிறது. இறைவாக்கினர் எலியாவோ உடம்போடு மேலே போய்விட்டார். கிழக்குத் திருச்சபைகள் இதையெல்லாம் பார்க்காமல் இறைவாக்கினர்களுக்கும் விழா எடுத்தன. மேற்கேயும் வெனிசில் மோசே, யோபு, எரேமியா பெயரில் கோவில்கள் உண்டு.

மேற்கே சாலமோன் அரசரைப் புனிதராகப் போற்றாதது வேறு கதை. 1 அரசர் நூல் 11ஆம் அதிகாரத்தில் வேற்றுத் தெய்வங்களின் பின்னால் போகிறார், மனம் திரும்பியதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. தாவீது செய்தது அதைவிடக் கேவலம், ஆனால் அவர் அழுதார்.

நம் ஊரில் குழப்பம் சுவரில் தொங்கும் கேலண்டரால் வருகிறது. அதில் இருப்பது திருச்சபை எங்கும் பொதுவாகக் கொண்டாடும் நாள்களின் பொது நாள்காட்டி மட்டும். புனிதர்களை நாள்வாரியாகப் பட்டியலிடும் ரோமை மறைசாட்சியர் நூல் என்று தனியே ஒன்று உண்டு. மோசே செப்டம்பர் 4, எலியா ஜூலை 20, தானியேல் ஜூலை 21, யோபு மே 10, ஆபிரகாம் அக்டோபர் 9 என்று அதில் இருக்கிறது. இது தெரியாமல் ‘தானியேல் புனிதர் பெயர் இல்லை, வேற வைங்க’ என்று திருமுழுக்குக்கு வந்த பெற்றோரைத் திருப்பி அனுப்புகிறவர்களை என்ன சொல்வது? திருச்சபைச் சட்டத் தொகுப்பின் எண் 855 கேட்பது, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதை மட்டுமே.

உங்கள் பெயருக்குரிய புனிதரின் நாளான நாம விழாவுக்குப் பூசை வேண்டுமா? திருவழிபாட்டு ஆண்டின் சாதாரண நாள்களான பொதுக்காலத்து வார நாளில், பெருவிழாவோ விழாவோ கட்டாய நினைவோ இல்லாவிட்டால், மறைசாட்சியர் நூலில் அன்றைக்குள்ள புனிதரின் திருப்பலியை ஃபாதர் நிறைவேற்றலாம். உயிர்ப்பு விழாவுக்குப் பின்வரும் பாஸ்கா காலத்து வார நாளிலும் அப்படியே, அதனால் மே 10இல் வரும் யோபுக்கும் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் கேட்காதீர்கள், ஞாயிறுதான் முன்னுக்கு நிற்கும்.

தாவீது என்று பெயர் வைத்தவர்கள்தான் பாவம். அந்த நூலில் தாவீதின் நாள் டிசம்பர் 29, கிறிஸ்து பிறப்பின் எண்கிழமைக்குள் (விழாவைத் தொடரும் எட்டு நாள்). அன்றைக்கு அந்த நாளுக்குரிய பூசையை விட்டு வேறு வைக்க முடியாது. பெயரை மன்றாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.