விடுதலையும் சுதந்திரமும் ஒன்றல்ல

‘விடுதலை என்பது சுதந்திரத்துக்கு உள்ள தமிழ்ச்சொல், அவ்வளவுதான்’ என்று உங்கள் பத்திரிகைக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ‘விடு’ என்ற வினையில் பிறந்த சொல் அது. வீடுபேறு என்பதில் உள்ள வீடும் அதுவே. ஏதோ ஒன்று பிடித்து வைத்திருந்தால்தான் விட முடியும். அதனால் விடுதலை என்றதும் ‘எதிலிருந்து?’ என்ற கேள்வி கூடவே வருகிறது.

எங்கள் குமரி மாவட்டத்தையே பாருங்கள். நாடு 1947-இல் சுதந்திரம் அடைந்துவிட்டது. ஆனாலும் குமரி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், அதிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர இங்குள்ள தமிழர்கள் 1954 ஆகஸ்ட் 11 அன்று ‘விடுதலை நாள்’ என்று சொல்லித்தான் போராட்டத்தில் இறங்கினார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-இல். சுதந்திரம் வந்து ஏழு ஆண்டு கழித்தும் அவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

என் பாட்டியின் பழைய வேதாகமம் அட்டை கழன்று, தாளின் ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்துக் கிடக்கும். அதில் இரண்டாம் புத்தகம், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் வெளியேறிய கதை, யாத்திராகமம். பிறகு வந்த பொது மொழிபெயர்ப்பில் அதுவே விடுதலைப் பயணம். முதல் பெயரில் பயணம் மட்டும்தான். இரண்டாவதில் எகிப்தின் அடிமைத்தளையும் தெரிகிறது. பாட்டியின் வேதாகமத்தில் ‘சுதந்தரித்தல்’ என்றால் சொத்தை உரிமையாகப் பெறுவது!

அப்புறம் ஒரு வேண்டுகோள். ‘ஜாமீனில் விடுதலை’ என்று செய்தி போடாதீர்கள். வழக்கே முடிந்துவிட்டதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ‘ஜாமீனில் வெளியே வந்தார்’ என்றால் போதும்.