பட்டியலில் இருந்துகொண்டே அழுகிய வீடு: லண்டன் டவர் ஹவுஸ்

லண்டன் மெல்பரி சாலை டவர் ஹவுஸ் பற்றிப் பேச்சு வந்தாலே லெட் செப்பலின் இசைக்குழுவின் ஜிம்மி பேஜ், பக்கத்து வீட்டுப் பாடகர் ராபி வில்லியம்ஸ், நிலத்தடி நீச்சல்குளச் சண்டை என்றுதான் பேச்சு போகிறது. அந்தச் சண்டையிலும் கவனிக்க வேண்டிய விஷயம் உண்டு, கடைசியில் வருகிறேன். ஆனால் அந்த வீட்டின் தலையெழுத்து முடிவானது 1962க்கும் 1966க்கும் இடையில், உள்ளே யாருமே குடியில்லாத காலத்தில். 1949லேயே உச்சநிலைப் பாரம்பரியக் கட்டடம் என்று அரசுப் பட்டியலில் ஏறிய வீடு அது. பட்டியலில் இருந்துகொண்டேதான் அழுகியது. பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் கட்டடம் பிழைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டியவர் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜெஸ் (1827–1881). கார்டிஃப் கோட்டையின் உள்ளறைகள், காஸ்டெல் காக், அயர்லாந்தில் கார்க் நகரப் பேராலயம் எல்லாம் அவர் கைவண்ணம். பம்பாய் ஓவியப் பள்ளிக்கும் 1866ல் ஒரு வரைபடம் போட்டார், அது கட்டப்படவே இல்லை. தனக்கென்று 1875ல் மெல்பரி சாலையில் மனையைக் குத்தகைக்கு எடுத்தார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. 1878 மார்ச் 5 அன்று குடியேறினார். கட்டடச் செலவு சுமார் 6,000 பவுண்டு. ஏறத்தாழ 50 அடிக்கு 50 அடி, அவ்வளவுதான் அளவு. செங்கல் சுவர், ஜன்னல் ஓரங்களுக்கும் வளைவுகளுக்கும் பாத் நகரத்துக் கல், மேலே கம்பர்லாந்தின் பச்சை ஸ்லேட், மாடிப்படிக்கு என்று கூம்புக்கூரை போட்ட ஒரு வட்டக் கோபுரம். குடியேறி மூன்றே ஆண்டு, 1881 ஏப்ரல் 20 அன்று அதே வீட்டில் இறந்துபோனார்.

உள்ளே அறைக்கு அறை ஒரு கருப்பொருள். கூடத்துக்குக் காலம், வரவேற்பறைக்குக் காதல், விருந்தினர் அறைக்கு மண்ணும் அதன் விளைச்சலும், அவருடைய படுக்கையறைக்குக் கடல். நூலகத்தின் கணப்பு மேடையில் பாபேல் கோபுரத்திலிருந்து இலக்கணக் கூறுகள் ஆளாளுக்குச் சிதறி ஓடுவதாகச் சிற்பம். அதே அறையைச் சுற்றி ஓடும் ஆங்கில எழுத்து வரிசையில் 'எச்' மட்டும் வரிசையிலிருந்து நழுவிக் கீழே கிடக்கும். லண்டன் தெருப்பேச்சில் அந்த ஒலி விழுந்துவிடும் என்பதற்கான குறும்பு. 'ஏ' என்ற எழுத்துக்கு உரிய ஆர்க்கிடெக்ட் அவரேதான், தன் வீட்டின் மாதிரிக்கு முன்னால் நிற்கிறார். சாப்பாட்டு அறைக்கு வந்தால் வேறு மாதிரி யோசித்திருக்கிறார். துணி, காகிதம் எதுவும் கிடையாது. சுவரின் கீழ்ப்பகுதிக்கு டெவன்ஷயர் பளிங்கு, அதற்கு மேல் சித்திரம் எழுதிய மெருகு ஓடு. சமையல் வாசனை சுவரில் ஒட்டாது, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆடம்பரத்துக்குள் இப்படி ஒரு வீட்டுக்கணக்கு வைத்திருந்த மனிதர்.

அவருக்கு அறை வேறு, அறைக்குள் நிற்கும் மரச்சாமான் வேறு இல்லை. கட்டில், அலமாரி, முகம் கழுவும் மேசை எல்லாமே சித்திரம் தீட்டியவை, அந்தந்த அறையின் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சுவரோடு பொருத்தியது கட்டடம், பட்டியல் அதைக் காக்கும். தூக்கிக்கொண்டு போகக்கூடியது வெறும் உடைமை, அதை யாரும் விற்கலாம். அதனால்தான் கணப்பு மேடைகளும் பதித்த புத்தக அலமாரிகளும் இன்றும் அங்கே இருக்கின்றன, மற்றவை ஊர் ஊராகப் போய்விட்டன. 14 ஓவியர்கள் தீட்டிய பெரிய புத்தக அலமாரி ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியனில் நிற்கிறது. பொன் கட்டில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சொத்து. அவருடைய சொந்தக் கட்டிலும் முகம் கழுவும் மேசை ஒன்றும் பெட்ஃபோர்டில். ராசிச் சக்கரம் தீட்டிய சாய்விருக்கை ஒன்றை 2011ல் மீட்க பெட்ஃபோர்டு அருங்காட்சியகம் 8,50,000 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. மொத்த வீட்டையும் 6,000 பவுண்டுக்குக் கட்டிய மனிதரின் ஒரே ஒரு இருக்கை!

இனி 1962. பர்ஜெஸுக்குப் பின் குத்தகை அவருடைய சகோதரியின் கணவர் புல்லனுக்குப் போய், அப்புறம் கை மாறி, 1933 முதல் கர்னல் கிரஹாம் குடும்பத்திடம் இருந்தது. கிரஹாமின் மனைவி 1962ல் இறந்தபோது மிச்சமிருந்த குத்தகையையும் சில சாமான்களையும் கவிஞர் ஜான் பெட்ஜமனுக்கு எழுதி வைத்தார். விக்டோரியா காலக் கட்டடங்களுக்காக அவரைப் போல் வாதாடியவர் அன்று யாரும் இல்லை. அவரே வீட்டை வேண்டாம் என்றுவிட்டார். இதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமில்லை, கணக்கைப் பாருங்கள். குத்தகை 1964ல் முடிகிறது. இங்கிலாந்தின் நீண்டகாலக் குத்தகைகளில் பழுதுபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் குத்தகைதாரர் தலையில். காலம் முடியும்போது நில உரிமையாளரின் சர்வேயர் வந்து அறை அறையாக, ஓடு ஓடாகப் பழுதுப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார். கடைசியாகக் கையில் வைத்திருப்பவர்தான் முந்தைய 80 ஆண்டுத் தேய்மானத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பெட்ஜமன் தலையில் விழவிருந்த தொகை 10,000 பவுண்டு வரை. இரண்டே ஆண்டு உரிமைக்கு!

இதில் இன்னொரு சட்ட நுணுக்கமும் உண்டு. 1927ஆம் ஆண்டின் நில உரிமையாளர்-குத்தகைதாரர் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, குத்தகை முடிந்ததும் கட்டடம் இடிக்கப்படப் போகிறது என்றால் பழுதுக்கான இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் இடிக்கும் எண்ணத்தை எந்த உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்? வீட்டை வேண்டுமென்றே வாடகைக்கு விடாமல், இடிக்கும் நோக்கத்தில் சீரழிய விடுகிறார்கள் என்றே பெட்ஜமன் கருதினார்.

1965 ஜனவரியில் நடந்த ஆய்வு, பூட்டிக் கிடந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று காட்டியது. வெளிப்புறக் கல் சிதைந்திருந்தது. கூரையையும் தரை உத்தரங்களையும் பூஞ்சை தின்றிருந்தது. பரணில் புறாக்கள். தண்ணீர்த் தொட்டிகளின் ஈயத்தகடு உரித்துப் போயிருந்தது. கண்ணாடிகளும் கணப்பு மேடைகளும் உடைபட்டிருந்தன. சாப்பாட்டு அறைக் கணப்பின் நடுநாயகமான புகழ்த்தேவதைச் சிற்பமே திருட்டுப் போயிருந்தது.

இதெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது. குளிர்காலத்தில் நெருப்பு எரியாத வீட்டில் ஈரம் வெளியேறாது. கூரையின் மழைநீர் வாய்க்காலில் புறா எச்சம் அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி, அப்படியே நின்றால் 'டிரை ராட்' பூஞ்சை வேரூன்றும். அதன் இழைகள் செங்கல் சுவரையே துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அந்தக் காலத்து வைத்தியம், பூஞ்சை தெரியும் இடத்துக்கு அப்பாலும் ஒரு மீட்டர் வெட்டி எறிவது. சாதாரண வீட்டில் அது சுண்ணாம்புப் பூச்சோடு போகும். இங்கே அந்த ஒரு மீட்டரில் பர்ஜெஸின் கூரைச் சித்திரம் இருக்கும். பாத் கல் வேறு கதை. அது நுண்துளை நிறைந்த சுண்ணாம்புக் கல். நிலக்கரிப் புகையின் கந்தகம் அதன் மேல்தோலை ஜிப்சமாக்கும், கறுத்துக் கெட்டியாகும், கொப்புளம் விட்டு உரியும். அதற்கு மேல் சிமெண்ட் பூசி ஒட்டுப்போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி இன்னும் வேகமாக உதிரும். சுண்ணாம்புக் கலவைதான் அதற்குச் சரி.

பட்டியல் என்னதான் செய்தது? 1968க்கு முன்பு பட்டியலிட்ட கட்டடத்தை இடிக்க அனுமதியே தேவையில்லை, இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். தடுக்க வேண்டுமென்றால் அதற்குள் தனியாகப் பாதுகாப்பு உத்தரவு வாங்க வேண்டும். டவர் ஹவுஸுக்கு அந்த உத்தரவு 1965 மார்ச்சில் வந்தது. குத்தகையை வாங்கிய லேடி ஜேன் டர்ன்புல் ஜூலையில் சீரமைப்பைத் தொடங்கினார். வரலாற்றுக் கட்டடக் கவுன்சில் 4,000 பவுண்டு, பெருநகர லண்டன் கவுன்சில் 3,000 பவுண்டு மானியம் கொடுத்தன. உத்தரவு, பணம், உள்ளே குடியிருக்க ஓர் ஆள். மூன்றும் சேர்ந்தபோதுதான் வீடு எழுந்தது.

1969ல் வாங்கிய நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் செய்ததை இன்னும் பெரிதாகப் பாராட்ட வேண்டும். பர்ஜெஸ் காலத்தில் அந்தச் சுவர்களுக்கு வண்ணம் தீட்டிய கேம்பெல் ஸ்மித் நிறுவனத்தையே அழைத்து உள்வேலையைக் கொடுத்தார். 1972ல் ஜிம்மி பேஜ் 3,50,000 பவுண்டுக்கு வாங்கினார். அன்றிலிருந்து ஒரே கை.

இப்போது அந்த நீச்சல்குளம். பேஜின் எதிர்ப்பை மீறி, ராபி வில்லியம்ஸின் 31ஆம் எண் வீட்டின் நிலத்தடிப் பணிக்கு 2018 டிசம்பரில் நகராட்சி நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. பணக்காரர்களின் வீம்புச் சண்டை என்று பலர் தள்ளிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்கு ஏற்படும் சேதத்தை இங்கிலாந்துப் பொறியாளர்கள் 0 முதல் 5 வரை ஒரு அளவுகோலில் அளப்பார்கள். 1 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் 1ஆம் நிலை, 'மிகச் சிறியது'. அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது சரிசெய்துகொள்ளலாம் என்பது அதன் விளக்கம். 140 ஆண்டுப் பழைய சித்திரக் கூரைக்கு அடுத்த முறை பெயிண்ட் அடிப்பது என்று ஒன்று கிடையாது. அதில் அந்த 1 மில்லிமீட்டர் மீட்க முடியாத இழப்பு. அதிர்வும் அப்படித்தான். குறைந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடு விநாடிக்கு 15 மில்லிமீட்டர் அதிர்வு வேகம் வரை தாங்கும் என்கிறது பிரிட்டிஷ் தரம். நுட்பமான பழங்கட்டடங்களுக்கு ஜெர்மன் தரம் வைத்திருக்கும் வரம்பு 3தான்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் தோண்ட அனுமதிக்கும்போது அந்த 3ஐத்தான் எழுத வேண்டும். தோண்டும் முன்பே ஒவ்வொரு கூரையையும் சாய்வொளியில் படமெடுத்து, இருக்கிற விரிசல்களைக் குறித்து வைக்க வேண்டும். அதிர்வை அளக்கும் கருவி சுவரடியில் மட்டும் இருந்தால் போதாது, மாடியிலும் வேண்டும், அதிர்வு மேல்தளத்தில் பெருகும். எந்த அளவைத் தொட்டால் எச்சரிக்கை, எதைத் தொட்டால் இயந்திரத்தை நிறுத்துவது என்று அனுமதியிலேயே எண்ணாக இருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தோண்டுகிறவரிடம் சம்பளம் வாங்காத ஒருவரிடம் இருக்க வேண்டும்.