பெரிய கோயிலின் சிற்பங்கள் அனைத்தும் ராஜராஜன் காலத்தவையா?

தஞ்சைப் பெரிய கோயிலின் மாபெரும் நந்தி உட்பட அங்குள்ள சிற்பங்களும் சந்நிதிகளும் முதலாம் ராஜராஜன் காலத்திலேயே முடிந்துவிட்டன என்று ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

1010இல் நிறைவெய்திய, கருவறையின் மேல் எழும் ஸ்ரீவிமானமும் அதன் கோட்டங்களில் (சுவர் மாடங்களில்) நிற்கும் கல் திருமேனிகளும் சோழர் படைப்பே. விமானத்தின் மேல்தளச் சுவரில் சிவபெருமான் ஆடும் கரணங்கள் எனும் நடன நிலைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 108 கரணங்களுள் 81 மட்டுமே முடிந்திருக்க, எஞ்சிய கற்கள் உளி படாமலே நிற்கின்றன. எல்லாம் முடிந்துவிட்டது என்ற கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஒரே கல்லாலான பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. சோழர் காலத்து நந்தி என்று கருதப்படும் சிறிய உருவம், கோயிலைச் சுற்றியுள்ள தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையில் இருக்கிறது. அம்மன் சந்நிதி 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. முருகன் சந்நிதியும் நாயக்கர் பணியே: அதன் தூண்களிலும் சுவர்களிலும் காணும் நுணுக்கமான அலங்காரச் செறிவை, சோழர் சிற்பங்களின் அடக்கமான உடலமைப்போடும் அளவான அணிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளியைக் கண்ணாலேயே உணரலாம். பிள்ளையார் சந்நிதி மராட்டியர் காலத்தது. அனைத்தையும் ஒரே மன்னனுக்கு உரியதாக்குவது, பெயர் தெரியாத பிற்காலச் சிற்பிகளின் உழைப்பை மறைப்பதாகும் என்பதே என் கவலை.