குட்டிப் பாம்புக்குப் பால் ஊற்றாதீர்கள்

"முட்டையிலிருந்து வந்து மூன்று நாளில் இரை எடுக்காத குட்டிப் பாம்பு செத்துவிடும்; வாயைப் பிரித்து சிரிஞ்சில் பால் விடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

குட்டியின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். பெரும்பாலானவை முதல் சட்டையை உரித்த பிறகே, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான், இரை எடுக்கும். "பால் பைதான்" (ball python) என்ற மலைப்பாம்பு வகையின் குட்டிகள் அதற்கு மேலும் அடம்பிடிக்கும். (அந்தப் பெயரிலுள்ள பால் பந்துதான், கறக்கிற பால் இல்லை!) பால் பாம்புக்குச் செரிக்காது. மூச்சுக்குழாயின் திறப்பு வாயின் அடித்தளத்திலேயே இருப்பதால், ஊற்றுவது நுரையீரலுக்குள் போகலாம்.

சரி, என்ன செய்வது? கார்ன் ஸ்னேக் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு) குட்டி என்றால் கூண்டின் ஒரு பக்கம் 28–30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், ஒளிய இடம் வேண்டும். அப்புறம், உறையவைத்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி, வெதுவெதுப்பாகத் துடைத்து, துளையிட்ட சின்ன டப்பாவில் குட்டியோடு ராத்திரி முழுக்க விடுங்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் தொடாது.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இதையெல்லாம் அவரிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்.